ரிச்சி தெருவில் பிறக்கும் டிரம் செட்!

சென்னை அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேலே வந்தால், ரிச்சி தெருவுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கையில் பழுதான அடாப்டரோ, செய்தித்தாளில் சுற்றிய சர்க்யூட் போர்டோ வைத்துக்கொண்டு அவசரமாக நடக்கிற யாராவது ஒருவர் கண்ணில் படுவார். அவர் பின்னாலேயே போனால் போதும். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து வந்தாலும் நடக்கிற தூரம்தான்.

தெருமுனையிலேயே குரல்கள் மறிக்கும். “வாங்க சார், என்ன பார்க்கறீங்க? சிசிடிவியா, லேப்டாப்பா, மொபைல் டிஸ்ப்ளேவா?” இதற்கு, “டிரம்ஸ் செய்யணும்” என்று பதில் சொன்னால் கூப்பிட்டவர் ஒரு நொடி விழிப்பார். அப்புறம் உள்பக்கமாகக் கையைக் காட்டுவார். “பார்ட்ஸ் கடைக்குப் போங்க.”

ரிச்சி தெரு என்று ஒரே பெயரில் சொன்னாலும், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை, இவற்றை இணைக்கிற சந்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் இந்தச் சந்தை. தில்லியின் நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று இதைச் சொல்வார்கள். ரேடியோ உதிரிபாகம் விற்ற காலம் போய், டேப் ரெக்கார்டர் வந்து, டி.வி. வந்து, கம்ப்யூட்டர் வந்து, இப்போது செல்போனும் கண்காணிப்பு கேமராவும் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மீரான் சாகிப் தெருவுக்கு இன்னொரு பழைய பெருமையும் உண்டு. தமிழ் சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள் நெருக்கியடித்து இருந்த தெரு அது. படப்பெட்டி ஊர் ஊராகப் போன காலத்தில், எந்தப் படம் ஓடும், எது படுக்கும் என்ற பேச்சு இங்கே டீக்கடையிலேயே முடிவாகிவிடும் என்பார்கள்.

இத்தனை கூச்சலுக்கு நடுவே, வாரத்துக்குச் சிலராவது ஒரு விசித்திரமான பட்டியலோடு இந்தத் தெருவுக்குள் வருகிறார்கள். பீசோ தட்டு, ஒரு மெக் ரெசிஸ்டர், ஜீனர் டயோடு, பி-38 சாக்கெட், ஷீல்டு வயர். பட்டியலைப் பார்த்ததும் பழைய கடைக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். பையன் வீட்டிலேயே எலெக்ட்ரானிக் டிரம்ஸ் செய்யப் போகிறான்.

‘டிரம் டிரிக்கர்’ என்று இதற்குப் பெயர். தோல் கட்டிய டிரம்மை அடித்தால் டிரம்மே சத்தம் போடும். டிரிக்கர் வைத்த பேடை அடித்தால் அது சத்தம் போடாது. ‘இப்போது அடித்தார்கள், இவ்வளவு வேகத்தில் அடித்தார்கள்’ என்ற தகவலை மட்டும் ஒரு மின்துடிப்பாக அனுப்பும். அந்தத் துடிப்பைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிற கருவியோ கம்ப்யூட்டரோ ஏற்கெனவே பதிவுசெய்து வைத்த டிரம் ஒலியை ஹெட்போனில் ஒலிக்கும். மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம் செட்டுக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பெட்டியைக் குச்சியால் தட்டி, ஒரே ஆள் தவில், உறுமி, கைத்தட்டல் என எல்லாவற்றையும் வரவழைப்பாரே, அந்த ‘பேட்’டும் இதே குடும்பம்தான். ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் ‘ஆக்டாபேட்’ என்ற பெயரில் 1985-ல் கொண்டுவந்தது, எட்டுக் கட்டங்கள் கொண்ட அந்தப் பெட்டியை. நம்மூர் மெல்லிசைக் குழுக்களும் தேவாலயப் பாடகர் குழுக்களும் அதைச் சுவீகரித்துக்கொண்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஆட்டோவில் ஏற்ற முடியாத டிரம் செட்டின் வேலையை ஒரு சூட்கேஸ் அளவுப் பெட்டி பார்த்துவிடுகிறதென்றால் யார்தான் விடுவார்கள்?

ஆனால் பேட் வாசிக்கிறவருக்குக் கால்களுக்கு வேலை குறைவு. முழு டிரம் செட் கற்றுக்கொள்ள வலது காலுக்கு ஒரு கிக் டிரம், இடது காலுக்கு ஒரு ஹை-ஹாட் வேண்டும். அதை வைக்க இடம் வேண்டும். அடித்துப் பழகும்போது காது கொடுத்துச் சகித்துக்கொள்ளும் அக்கம்பக்கமும் வேண்டும். இடமாவது எப்படியாவது கிடைத்துவிடும், அந்த அக்கம்பக்கம்தான் சென்னையில் கிடைக்காது. இரண்டாவது மாடி ஃபிளாட்டில் பையன் ஸ்நேர் டிரம்மில் பத்து நிமிடம் கை வைத்தால், பதினோராவது நிமிடம் கீழ்வீட்டிலிருந்து காலிங்பெல் அடிக்கும். பெரும்பாலான வீடுகளில் டிரம்ஸ் ஆசை அங்கேயே முடிந்துபோகிறது. ‘கீபோர்டு கத்துக்கோடா, அதுல வால்யூம் குறைக்கலாம்’ என்று அம்மா சொல்கிற சமரசத்தில் எத்தனை டிரம்மர்கள் காணாமல்போயிருக்கிறார்களோ!

கடையில் விற்கிற எலெக்ட்ரானிக் டிரம் செட் இதற்கு ஒரு வழிதான். ஆனால் ஆரம்பநிலை செட்டே பல ஆயிரங்கள். நல்ல ரகம் லட்சத்தைத் தாண்டும். அதனால்தான் ரிச்சி தெரு.

பட்டியலோடு நேரே பார்ட்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வது நல்லது. அண்ணா சாலையிலேயே இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. 1842-ல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல் அவற்றில் மூத்தது. இப்படி ஏதாவது ஒரு கடையில் மேசைமேல் வைத்திருக்கிற நல்ல எலெக்ட்ரானிக் பேடை, அனுமதி கேட்டு ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். ஓங்கி அடிப்பது எந்தப் பேடிலும் கேட்கும். குச்சியின் நுனியை அரை அங்குல உயரத்திலிருந்து சும்மா விழவிட வேண்டும். அப்போதும் ஹெட்போனில் மெல்லிய ‘டப்’ வருகிறதா? குச்சி தானாகத் துள்ளித் துள்ளி அடங்கும்போது, ஒவ்வொரு துள்ளலும் முன்னதைவிடக் கொஞ்சம் தணிந்து கேட்கிறதா? லட்ச ரூபாய் செட்டுக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் செய்யப் போகிற டிரிக்கருக்கும் இதே பரீட்சைதான். தட்டிப் பார்த்த அந்த உணர்வைக் கையில் வைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்கு நடக்கலாம்.

பார்ட்ஸ் கடைகள் பலவும் தெருவைப் பார்த்து இருக்காது. குறுகலான காம்ப்ளெக்ஸ்களுக்குள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய நடைக்குள் இருக்கும். சுவர் முழுக்கத் தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் இழுப்பறைகள். கவுன்டரில் நிற்கிறவருக்கு எந்த இழுப்பறையில் எது என்று எழுதிவைக்கத் தேவையே இல்லை. உரையாடல் இப்படித்தான் போகும்.

“அண்ணே, பீசோ இருக்கா?”

“பஸ்ஸரா தம்பி, டிஸ்க்கா?”

“டிஸ்க். 35 எம்.எம்.”

“எதுக்கு?”

“டிரம்ஸ் பேடுக்குண்ணே.”

“அப்ப வயர் வச்சதாவே எடுத்துக்க. நீ பத்தவச்சா வெள்ளி உரிஞ்சிரும்.”

காசில்லாமல் கிடைத்த பாடம் அது. பீசோ தட்டு என்பது பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதான, காகிதம்போல மெல்லிய ஒரு பித்தளை வட்டம். 27 மில்லிமீட்டர், 35 மில்லிமீட்டர் என்று அளவுகள். அதன் நடுவே ஒட்டியிருக்கிற வெள்ளை நிறப் பீங்கான் பூச்சுதான் உயிர். அதற்கு மேல் வெள்ளிப் பூச்சு. சால்டரிங் அயர்னை அங்கே இரண்டு நொடி கூடுதலாக வைத்தால் பூச்சு வயரோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும், தட்டு அவ்வளவுதான். புதிதாகச் செய்கிறவர்கள் முதல் இரண்டு மூன்று தட்டுகளை இப்படித்தான் பலிகொடுப்பார்கள். ஒரு தட்டு ஒரு டீ, வடை விலைக்குள் வந்துவிடுவதால் பெரிய நஷ்டமில்லை.

வாழ்த்து அட்டையைத் திறந்தால் பாட்டுப் பாடுகிறதே, வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் ‘கீ’ என்று கத்துகிறதே, பல நேரம் அதெல்லாம் இதே தட்டுதான். மின்சாரம் கொடுத்தால் நெளிந்து ஒலி எழுப்பும். அதையே திருப்பிப்போட்டு, தட்டை நாம் நெளித்தால் மின்சாரம் தரும். பியர் கியூரி, ஜாக் கியூரி என்ற பிரெஞ்சு சகோதரர்கள் 1880-ல் படிகங்களை அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்த குணம் இது. (பியர்தான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர்.) கேஸ் அடுப்பு லைட்டரை அழுத்தும்போது பேட்டரியே இல்லாமல் தீப்பொறி பறப்பதும் இதே குணத்தால்தான். சமையலறையில் தினமும் கியூரி சகோதரர்களைக் ‘கிளிக்’ செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

கர்னாடக சங்கீதத்துக்கும் இந்தத் தட்டு அந்நியமில்லை. மேடையில் வீணையின் உடலில் ஒட்டவைக்கிற ‘கான்டாக்ட் மைக்’ வகைகளில் பலவும் பீசோதான். வித்தியாசம் என்னவென்றால், வீணையில் அது நாதத்தையே எடுத்துக்கொண்டு போகிறது. டிரிக்கரில் நாதத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை, அடியின் கனத்தை மட்டும் சொல்கிறது.

அந்தக் கனத்தைச் சொல்வதில் பீசோ கொஞ்சம் அளவுக்கு மீறும். ஓங்கி அடித்தால் அந்தச் சின்னத் தட்டிலிருந்து பத்து, இருபது வோல்ட்டைத் தாண்டியும் துள்ளும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 5 வோல்ட்டில் வேலை செய்கிற சிப்புக்கு ஆகாது. அதனால்தான் 5.1 வோல்ட் ஜீனர் டயோடு. அணையின் உபரிநீர் மதகுபோல, வரம்பைத் தாண்டியதைத் திருப்பிவிட்டுவிடும். கூடவே தட்டின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், கடைப் பேச்சில் ‘ஒரு மெக்’. பழுப்பு, கறுப்பு, பச்சைக் கோடு போட்டது. அடித்து முடித்ததும் தட்டில் மிச்சமிருக்கிற மின்னூட்டத்தை இது வடித்துவிடும். இது இல்லாவிட்டால் பேட், அடிக்காதபோதும் தானாக முணுமுணுக்கும்.

பிறகு பி-38. கிட்டார் வயர், மைக் வயர் முனையில் இருக்கிற 6.35 மில்லிமீட்டர் ஜாக்குக்கு ரிச்சி தெருப் பெயர் அது. கடையில் போய் ‘கால் அங்குல ஃபோன் ஜாக்’ என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று புரியாது. ‘பி-38 மோனோ’ என்றால் கை தானாக இழுப்பறைக்குப் போகும். வயர் மட்டும் ஷீல்டு வயராக இருக்க வேண்டும். பத்து ரூபாய் மிச்சம்பிடிக்கச் சாதா வயர் போட்டால், டியூப் லைட்டின் ‘ம்ம்ம்’ எல்லாம் டிரம்மோடு சேர்ந்து வரும்.

எலெக்ட்ரானிக்ஸ் செலவு இத்தனைதான். மிச்சம் எல்லாம் வீட்டிலும், வீட்டுப் பக்கத்து ஹார்டுவேர் கடையிலும் இருக்கிறது. இந்தக் கைவேலையின் அழகே அங்கேதான் ஆரம்பிக்கிறது. டிரம்மின் உடலுக்குப் பழைய பக்கெட், கேக் டின், ஓட்டை விழுந்த அண்டா, யாரோ தூக்கிப்போட்ட உடைந்த டிரம். முகப்புக்குத் தோல் கிடையாது, ஜன்னலில் அடிக்கிற கொசுவலை. ஒற்றை வலை சீக்கிரம் தொய்ந்துவிடும் என்பதால், இழைகள் ஒன்றுக்கொன்று கோணலாக வருமாறு இரண்டு அடுக்குப் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். குச்சி பட்டால் தோல்போலத் துள்ளும், சத்தமோ காய்ந்த துணியை உதறுவது அளவுக்குத்தான். வலைக்குக் கீழே நடுவில் ஒரு தகடோ பலகையோ பாலம்போல வைத்து, அதன்மேல் பீசோ தட்டு. தட்டின்மேல் கோபுரம்போல வெட்டிய ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. டி.வி. பெட்டிக்குள் வருகிற கெட்டியான பேக்கிங் ஸ்பாஞ்சு இதற்கு ரொம்பப் பொருத்தம். அந்தக் கோபுரத்தின் உச்சி, பக்கெட்டின் விளிம்பைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வலையை இழுத்துக் கட்டும்போது அது மெதுவாக அமுங்கி, வலையின் ஒவ்வோர் அசைவையும் தட்டுக்குச் சொல்லும்.

இரண்டு மூன்று மில்லிமீட்டர்! மொத்த டிரம்மும் அதில்தான் நிற்கிறது. கூடினால் நடுவில் அடிக்கிறபோது மட்டும் இடிமுழக்கம், ஓரத்தில் அடித்தால் ஊமை. குறைந்தால் மெல்லிய அடி எதுவுமே போய்ச்சேராது. பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். பொறுமையுள்ளவர்கள் ஸ்பாஞ்சைப் பிளேடால் சீவிச் சீவி, கட்டி, தட்டி, அவிழ்த்து, மறுபடி சீவுகிறார்கள். மிருதங்கத்துக்குச் சோறும் கருப்பு மருந்தும் வைத்துத் தட்டித் தட்டி ஏற்றுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தெரியாது.

அவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழியும் உண்டு. ஒரு பிளைவுட் துண்டு, அதன் அடியில் பீசோ, மேலே ரப்பர். ரிச்சி தெருவிலேயே விற்கிற மவுஸ் பேட் இதற்குப் போதும். பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தைக் கூட ஒட்டலாம், கிக் பேடுக்கு அது நன்றாகவே தாங்கும். சிம்பலுக்கு எவர்சில்வர் தட்டைப் போடலாமா என்று ஆசை வரும். வேண்டாம். அது ஒருமுறை அடித்தால் அதிர்ந்துகொண்டே இருக்கும். டிரிக்கர் அதை நாலு அடியாக எண்ணிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் மூடி உத்தமம்.

எண்ணுவது யார்? அதற்கும் ரிச்சி தெருதான். பொறியியல் மாணவர்கள் புராஜெக்ட்டுக்காக வாங்குகிற ஆர்டினோ போர்டு. பீசோவிலிருந்து வருகிற 0 முதல் 5 வோல்ட் வரையிலான துடிப்பை அது 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக்கும். அதை 0 முதல் 127 வரை சுருக்கி, ‘மிடி’ என்ற பொது மொழியில் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். 1983-ல் போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி ஏற்றுக்கொண்ட மொழி அது. அதில் 36 என்றால் கிக், 38 என்றால் ஸ்நேர், 42 என்றால் மூடிய ஹை-ஹாட். எந்த நாட்டுக் கருவியானாலும் அந்தப் பொதுப் பட்டியலில் இதே எண்தான். கம்ப்யூட்டரில் ‘ஹைட்ரஜன்’ போன்ற இலவச டிரம் மென்பொருள் இருந்தால், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள், டிரிக்கர் நுழைவு உள்ள பழைய டிரம் மாட்யூல் ஒன்றைக் கைமாற்றாக வாங்கி, அதில் பி-38-ஐச் செருகிவிடுகிறார்கள்.

புரோகிராமில் மூன்று எண்கள்தான் முக்கியம். எவ்வளவுக்குக் கீழே வந்தால் அடி இல்லை என்று ஒதுக்குவது, அடியின் உச்சத்தைப் பிடிக்க எத்தனை நொடித்துளி காத்திருப்பது, ஒரு அடி பதிவானதும் எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொள்வது. முதல் எண்ணை அதிகமாக வைத்தால் பேட் ‘சுத்தமாக’ இருக்கும், தேவையில்லாத சத்தம் வராது. ஆனால் மெல்லிய அடிகளும் அதோடு போய்விடும். குறைவாக வைத்தால் பக்கத்து பேடை அடித்தாலும் இது பேசும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் கனம் துல்லியமாகும், ஆனால் ஒலி தாமதமாகும். மொத்தத் தாமதம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கைத் தாண்டத் தாண்ட, வாசிக்கிறவரின் கைக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். ‘என்னவோ சேற்றில் நடக்கிற மாதிரி இருக்கு’ என்பார்கள். கண்ணை மூடிக்கொள்ளும் நேரம் கூடிவிட்டால், உருட்டு வாசிக்கும்போது பாதி அடி காணாமல்போகும்.

இதற்கெல்லாம் சரியான எண் எந்தக் கடையிலும் கிடையாது. ஒவ்வொரு பக்கெட்டுக்கும், ஒவ்வொரு ஸ்பாஞ்சுக்கும் வேறு. அதனால், டிரிக்கர் செய்கிறவர் எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்வதைவிட அதிகமாக, தன் கை எப்படி அடிக்கிறது என்பதைக் கற்றுக்கொள்கிறார். தன் இடது கை வலதைவிடச் சோம்பேறி என்பதைத் திரையில் எண்களாகப் பார்க்கிறபோது ஒரு மாணவனுக்கு உறைப்பது, வாத்தியார் பத்து முறை சொல்லியும் உறைத்திருக்காது. வலது 96, இடது 61, வலது 98, இடது 58. கோபித்துக்கொள்ள ஆளில்லை!

வீட்டில் செய்தது என்றாலே மட்டம், கடைச் செட் வாங்க வசதியில்லாதவர்களின் குறுக்குவழி என்று ஓர் எண்ணம் நம்மிடம் உண்டு. எலெக்ட்ரானிக் டிரம்மின் விஷயத்தில் அது தலைகீழ். இந்தக் கருவியின் குடும்ப வரலாற்றிலேயே கைவேலைக்குப் பெரிய இடம் உண்டு. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் 1973-ல் ‘கிராஃப்ட்வெர்க்’ இசைக்குழுவினர், வீட்டு ஆர்கனோடு சேர்த்து வாசிக்கிற ஒரு தாளப்பெட்டியைப் பிரித்து, ஒரு பலகையில் உலோகத் தட்டுகளைப் பதித்து, வயர் கட்டிய உலோகக் குச்சிகளால் தட்டினார்கள். குச்சி தட்டைத் தொட்டதும் சர்க்யூட் முழுமையாகித் தாளப்பெட்டி ஒலிக்கும். உல்ஃப்காங் ஃப்ளூர் அதை டி.வி. நிகழ்ச்சியில் நின்றபடி வாசித்ததைப் பார்த்தவர்களுக்கு, அது டிரம்மா, சமையலறைச் சாமானா என்று புரிந்திருக்காது. 1977-ல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையில் குழுவின் ஃப்ளோரியன் ஷ்னைடர், ரால்ஃப் ஹூட்டர் பெயர்கள் இருந்தன. வாசித்தவரின் பெயர் இல்லை. அது வேறு கதை.

அந்தப் பலகைக்கு ஒரு குறை. தொட்டால் ஒலி, தொடாவிட்டால் இல்லை. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். 1981-ல் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் அறுகோண பேடுகளோடு வந்தது, உலகமே அந்த ‘டூஷ்’ ஒலிக்கு ஆடியது. ஆனால் மேற்பரப்பு கல்போலக் கெட்டி, மணிக்கட்டு வலிக்கிறது என்று டிரம்மர்கள் புலம்பினார்கள். 1997-ல் ரோலண்டு, வலை முகப்புப் போட்ட பேடைக் கொண்டுவந்த பிறகுதான் குச்சிக்குத் துள்ளல் திரும்பக் கிடைத்தது. அந்த வலையைப் பார்த்துத்தான் உலகம் முழுவதும் கைவேலைக்காரர்கள் ஜன்னல் வலையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். மெல்லிய அடியும் கேட்க வேண்டும், கையும் வலிக்கக் கூடாது என்கிற இரண்டு ஆசைகளுக்குத்தான் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சரி, எல்லாம் செய்தாகிவிட்டது. பக்கெட் டிரம், மவுஸ் பேட், செருப்பு கிக், எல்லாம் பி.வி.சி. பைப்பில் கட்டி நிற்கிறது. பையன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு உட்கார்கிறான். அறைக்குள் ‘தப் தப்’ என்பது தவிர ஒன்றும் இல்லை. அம்மா நிம்மதியாக சீரியல் பார்க்கிறார். பத்தாவது நிமிடம் காலிங்பெல்!

கீழ்வீட்டுப் பாட்டிதான். “என்னடா கண்ணா, மேலே இடிச்சுக்கிட்டே இருக்கீங்களா?”

காற்றில் போகிற சத்தத்தைத்தான் வலை அடக்கும். கிக் பெடலை மிதிக்கிற அதிர்வு தரை வழியாக இறங்கி, கீழ்வீட்டுக் கூரையை டிரம் ஆக்கிவிடும். இதற்கான மருந்து கல்லி கிரிக்கெட்டில் இருக்கிறது. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பள்ளம் வெட்டிப் பதித்து, அதன்மேல் டிரம் செட்டையும் ஸ்டூலையும் வைத்துவிட வேண்டும். அதிர்வில் பெரும்பகுதியைப் பந்துகள் விழுங்கிவிடும். வெளிநாடுகளில் அடுக்குமாடி டிரம்மர்கள் பலரும் கையாளுகிற வழி இது. இங்கே கூடுதல் வசதி, எந்தத் தெருப் பெட்டிக்கடையிலும் பந்து கிடைக்கும். ஆனாலும் முதல் வேலையாகப் பாட்டியைக் கூப்பிட்டு ஒருமுறை ஹெட்போனை மாட்டிவிடுவது நல்லது. தாளம் தெரிந்தபின், கூரைமேல் கேட்கும் மிச்ச ‘தொம் தொம்’மை அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக்கூடும்.

ரிச்சி தெருவுக்கே திரும்புவோம். இழுப்பறைக் கடைகளின் இடத்தில், கண்ணாடிக் கதவும் எல்.இ.டி. போர்டும் போட்ட கேமராக் கடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஒரு ரெசிஸ்டர் விற்று என்ன வாடகை கொடுக்க முடியும்? வாங்குகிறவர்களும் இப்போது பீசோவைப் பத்து பத்தாகப் பொட்டலத்தில் ஆன்லைனில் வரவழைத்துக்கொள்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசமில்லை, மெட்ரோ டிக்கெட் மிச்சம். ஆனால் ‘வயர் வச்சதாவே எடுத்துக்க’ என்று அந்தப் பொட்டலம் சொல்லாது. ‘27 எம்.எம். பக்கெட்டுக்குச் சின்னது தம்பி, 35 எடு’, ‘ஜீனரைத் திருப்பிப் போட்டுடாத, கோடு இருக்கிற பக்கம் பார்த்துக்க’, ‘இது எரிஞ்சிருந்தா நீ நேரா அஞ்சு வோல்ட்ல குடுத்திருப்ப’ என்பதெல்லாம் கவுன்டரின் இந்தப் பக்கம் நின்றால்தான் கிடைக்கும். பாலிடெக்னிக் வாசலை மிதிக்காத பலருக்கு இந்தத் தெருதான் பாலிடெக்னிக். எரிந்த போர்டைக் கொண்டுபோய்க் காட்டினால், அதை முகர்ந்து பார்த்தே எது போயிற்று என்று சொல்கிற ஆட்கள் இன்னும் சிலர் இந்த நடைகளுக்குள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொள்வது ஒரு டிரம் செட்டுக்குச் சமம்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பைக்கில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். காலை பதினொன்றுக்கு மேல் போனால் எல்லாக் கடையும் திறந்திருக்கும், மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்க்கலாம். வாங்கிய தட்டுகளை மல்டிமீட்டரில் தட்டிப் பார்த்துத் தரச் சொன்னால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்; முள் ஆடினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. கையால் செய்த பேடுகளை ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற பாடகர் குழுப் பையன்களுக்கு இது பெரிய சிக்கல். பீசோ தட்டு எப்போது விரிசல் விடும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் முதல் பாட்டிலேயே விடும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் கடை அடைக்கிற நேரத்தில் மூச்சுவாங்க ஓடிவந்து, “அண்ணே, ரெண்டு டிஸ்க், வயர் வச்சது” என்று கேட்பார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட கடைக்காரர் குனிந்து உள்ளே போய், விளக்கைப் போடாமலேயே சரியான இழுப்பறையைத் திறந்து எடுத்துக்கொண்டு வருவார்.